கழற்றும்போது பார்ப்பவள்

நவம்பர் 3, திங்கள்

இன்று எனக்குப் பதவி உயர்வு. சம்பளம் ஏறாத, உட்கார ஒரு ஸ்டூல்கூடத் தராத பதவி உயர்வு. எங்கள் ஃப்ளூ வார்டில் ஒவ்வொரு நோயாளியின் அறைக்கும் நடைக்கும் நடுவே, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு தடுப்பறை இருக்கிறது. உள்ளே வேலை பார்த்தவர்கள் அங்கே நின்றுதான் கையுறை, கவுன், ஃபேஸ் ஷீல்டு எல்லாம் கழற்ற வேண்டும். வெளியே வந்தபின் கடைசியாக மாஸ்க். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் ஒழுங்காகக் கழற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தப்பு செய்தால் கண்ணாடியைத் தட்ட வேண்டும்.

மாட்டும்போது யாரும் தப்பு செய்வதில்லை. அப்போது பயம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. வேலை முடிந்து, முதுகெல்லாம் வியர்த்து, மூக்கு நுனி அரிக்கும்போதுதான் புத்தி புல் மேயப் போய்விடுகிறது.

காலையில் நடந்த பயிற்சிதான் இதற்குக் காரணம். தொற்றுத்தடுப்பு சிஸ்டர் (எனக்கு அவர் 'ஊதா விளக்கு') ஒரு பொம்மையைக் கட்டிலில் படுக்க வைத்து, ஏதோ பொடியைத் தூவினார். சும்மா பார்த்தால் தெரியாது. ஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். பதினோரு பேரும் பொம்மையைப் புரட்டினோம், துடைத்தோம், ஊசி போட்டோம், கழற்றினோம், இருட்டறையில் வரிசையாக நின்றோம். விளக்கு வந்தது. ஒருத்திக்குக் காது, ஒருத்திக்குக் கழுத்து. லேப்காரருக்கு வழுக்கையின் நட்ட நடுவில் ஐந்து விரலும் அச்சாக. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. பூஜ்யம்!

பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் முட்டி போடச் சொல்வார்கள். இங்கே கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சின்னவளிடம் சொன்னேன். "கழட்டும்போது பாக்குற வேலையா? வெளிய சொல்லிடாதே, மானம் போயிடும்," என்றாள். அப்புறம், "ஏற்கெனவே குறை சொல்லாம உனக்குச் சோறு இறங்காது. இப்ப உத்தரவு வேற குடுத்துட்டாங்களா? வெளங்கும்!"

நவம்பர் 4, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் குழம்பக்கூடாது. சின்னவள் என்றால் என் தங்கை. ஒருத்திக்கு நாற்பத்தாறு, ஒருத்திக்கு நாற்பத்திரண்டு. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேருக்கும் வாய் நீளம். நாலு வருடம் முன்னால் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். ஆக, வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற சிறுநீரகம் மொத்தம் இரண்டு. இரண்டும் என்னுடையவை. சண்டை வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக்காட்டுவேன்.

வந்த உறுப்பை உடம்பு விரட்டியடிக்காமல் இருக்க அவள் தினமும் மாத்திரை போடுகிறாள். அந்த மாத்திரை உறுப்பைக் காப்பாற்றும், எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும். எனக்கு ஃப்ளூ வந்தால் மூன்று நாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துவிடுவேன். அவளுக்கு வந்தால் என்ன ஆகும் என்று எழுதக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நான் கழற்றுவதில் புலி. ஆஸ்பத்திரியிலேயே குளித்து, துணி மாற்றி, கழுத்து வரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவேன்.

அப்புறம் அவள் என் பின்னால் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, தலை வாரிவிடுவாள். ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார்ந்த நாளிலிருந்து பழக்கம். "உள்ள இருக்கிறதையும் நான் பாத்துக்கணும், வெளிய தொங்குறதையும் நான் பாத்துக்கணும். என் தலைவிதி," என்பாள்.

நவம்பர் 6, வியாழன்

இன்று கண்ணாடியைப் பதினேழு தடவை தட்டினேன். அதில் ஒன்பது தடவை டாக்டர் அவசரத்துக்கு.

பெயர் நான் வைத்ததுதான். நல்ல டாக்டர், தங்கமான மனுஷன், ஆனால் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டே பிறந்தவர். கையுறையைக் கழற்றுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்கிறார். கவுனைக் கிழித்து எறிகிறார். மாஸ்க்கின் வாரைத் தொடாமல், முன்பக்கத்தை அப்படியே கொத்தாகப் பிடித்துக் கீழே இழுக்கிறார். நாள் முழுக்க நோயாளி இருமியதெல்லாம் அந்த முன்பக்கத்தில்தானே இருக்கிறது! அதைப் பிடித்த கையால் மீசையை வேறு நீவிக்கொள்கிறார்.

புதிதாக வந்த மூன்று நர்ஸ் பெண்களும் பரவாயில்லை. நான் செய்வதையே பார்த்துச் செய்கிறார்கள். நான் இடது காலை முன்னால் வைத்தால் அவர்களும் இடது காலை வைக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது.

நவம்பர் 8, சனி

அவசரம் இன்று எல்லார் முன்னாலும் வெடித்துவிட்டார். "சிஸ்டர், இருபது வருஷமா மாஸ்க் போட்டுக்கிட்டிருக்கேன்."

"போடறது அழகாத்தான் இருக்கு சார். கழட்டறதுதான்…"

"என்ன ஆதாரம்? என் மூஞ்சில கிருமி ஒட்டியிருக்கறதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆனால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஊதா விளக்கின் அலமாரிக்குப் பூட்டு கிடையாது.

நவம்பர் 10, திங்கள்

பொடி ஒரு சின்னக் குப்பி. கையடக்க ஊதா டார்ச் ஒன்று. 'கடன் வாங்கினேன்' என்று எழுதலாம். கேட்காமல் வாங்கினால் கடனா? சரி, திருடினேன்.

நோயாளியைக் கேட்காமல் அவர் அறையில் எதையும் தூவக்கூடாது. அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. மூன்றாம் அறையில் இருப்பவர் நாற்பது வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் மாஸ்டர். காய்ச்சல் இறங்கி, போரடித்து, ஜன்னல் வழியாகப் போகிற வண்டிகளுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்த டாக்டரைத்தானே? நானே சொல்லணும்னு இருந்தேன்மா. சிக்னல் போடாம திரும்பற ஆளு அவரு. தூவுங்க, நல்லாத் தூவுங்க!"

"உங்க மேல படாது. டிரிப்ஸ் ஸ்டாண்டிலயும் சார்ட் அட்டையிலயும் மட்டும்தான்."

"அய்யே, ஒரு கை என் போர்வையிலயும் போடுங்க," என்றார். போடவில்லை.

நவம்பர் 11, செவ்வாய், மதியம்

வெற்றி! வெற்றி! சிரித்துச் சிரித்து எழுத்து கோணுகிறது.

காலையிலேயே மூன்றாம் அறைக்குப் போய்த் தூவிவிட்டு, என் வேலையையும் பார்த்துவிட்டு, சார்ட்டையும் எழுதிவிட்டு வந்தேன். கிளம்பும்போது மாஸ்டர், "நீங்களும் ஒருதடவை பின் கண்ணாடியப் பாத்துக்கங்க சிஸ்டர்," என்றார். தொழில் பழக்கம், பாவம். சிரித்துக்கொண்டே கழற்றினேன். ஒரு குறை கிடையாது.

பத்தரைக்கு அவசரம் போனார், வந்தார், இழுத்தார், கிழித்தார், நீவினார். "சார், ஒரு நிமிஷம் ஸ்டோர் ரூமுக்கு வாங்க," என்றேன். புதுப்பெண்கள் மூவரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். விளக்கை அணைத்து டார்ச்சை அடித்தேன்.

மீசை முழுக்கப் பச்சை! இடது காது, கண்ணாடிச் சட்டம், சட்டைக் காலர், எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கின் நுனியில் ஒரு பொட்டு. ஒருத்தி 'க்ளுக்' என்றாள். அவ்வளவுதான், நாலு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் அசையவில்லை. கைபேசியை எடுத்துத் தன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு சிஸ்டர்," என்றார் மெதுவாக. அதோடு சிரிப்பு நின்றது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும்… அந்த மீசை!

சாயங்காலம் சின்னவளிடம் நடித்துக்காட்ட வேண்டும். டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே நாள், மாலை ஏழு

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன்.

எழுதினால்தான் நெஞ்சு அடங்கும்போல் இருக்கிறது. ஆறு மணிக்குச் சின்னவள் வழக்கம்போல் என் பின்னால் உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்த பேனாவை உருவினாள். வைக்க இடமில்லாமல் பல்லில் கடித்துக்கொண்டு கொண்டையை அவிழ்த்தாள். தினமும் அப்படித்தான் செய்கிறாள். நாலு வருடமாக. நான் மீசைக் கதையைச் சொன்னேன். பேனா கீழே விழ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன். முதலில் என் கை. சுத்தம். "பாத்தியாடி, பூஜ்யம்!"

"எனக்கும் அடிக்கா, எனக்கும்," என்று கையை நீட்டினாள்.

பத்து விரலும் பச்சை. நகக்கண் வரைக்கும் பச்சை. உதடு, மோவாய், முன்பல் இரண்டு.

அவள் முதலில், "அய், அழகா இருக்கே," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

சீப்பில். நான் சாய்ந்திருந்த தலையணையில். என் பின்கழுத்தில். கீழே கிடந்த பேனாவில் அடி முதல் நுனி வரை. அதுதான். அந்தப் பேனாதான். அறைக்குள் கையுறையோடு சார்ட் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் கை தானாகப் பேனாவைக் கொண்டையில் செருகுகிறது. அப்புறம் கையுறையைக் கழற்றுகிறேன், கவுனைச் சுருட்டுகிறேன், மாஸ்க்கை வாரைப் பிடித்து எடுக்கிறேன், பாட்டுப் பாடிக் கை கழுவுகிறேன். எல்லாம் புஸ்தகத்தில் உள்ளபடி. பேனா மட்டும் தலையில் ஏறி வீட்டுக்கு வருகிறது! தொப்பி எங்கள் வார்டில் கட்டாயமில்லை. பயிற்சியில் யாரும் சார்ட் எழுதவில்லை. அதனால்தான் அன்றைக்குப் பூஜ்யம்.

எத்தனை நாள் இப்படி? இன்றைக்குப் பொடி. நேற்று? முந்தாநாள்? ஏண்டி, ஊரான் மூக்கையெல்லாம் பார்த்தியே, உன் தலைய ஒரு நாளாவது பார்த்தியா?

வாய் கொப்பளிக்க வைத்தேன், கை கழுவ வைத்தேன், நானும் தலை குளித்தேன். அவள் அதற்கு முன்னால் தன் கையை நாலு படம் எடுத்துக்கொண்டாள். "இருக்கட்டும், ஞாபகத்துக்கு," என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

நவம்பர் 12, புதன்

சிறுநீரக டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்னெச்சரிக்கையாகப் பத்து நாளைக்கு ஃப்ளூ மாத்திரை எழுதிக்கொடுத்தார். "காய்ச்சல்னு சந்தேகம் வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க."

வார்டில் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அவசரம் இப்போது வேறு ஆள். தடுப்பறையில் நின்றுகொண்டு என்னைத் தேடுகிறார். "சிஸ்டர் வரட்டும். அவங்க பாத்தாத்தான் கழட்டுவேன்." ஒவ்வொரு விரலாக, தூங்கும் குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றுகிறார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று தலையாட்டுகிறேன். பெரிய மனுஷி!

அதைவிடப் பெரிய கூத்து. புதுப்பெண்கள் மூவர் கொண்டையிலும் பேனா. இதற்கு முன்னாலும் இருந்திருக்கும், என் கண்ணில்தான் படவில்லை. "என்னம்மா இது?" என்றேன். "உங்க ஸ்டைல் சிஸ்டர்," என்றாள் ஒருத்தி, வெட்கப்பட்டுக்கொண்டு.

"வேணாம். நல்லா இல்ல."

"உங்களுக்கு மட்டும் நல்லா இருந்துச்சே சிஸ்டர்?"

காரணத்தைச் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். திருடிய பொடியைச் சொல்ல வேண்டும், அவசரத்தை அசிங்கப்படுத்தியதைச் சொல்ல வேண்டும், பூஜ்யத்தைத் திருப்பித் தர வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் சின்னவள் எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டேன். தொட்டவுடன் தெரிந்துவிட்டது, தெர்மாமீட்டரே வேண்டாம். நூற்றிரண்டு. பரிசோதனை செய்தார்கள். ஃப்ளூதான். எங்கள் வார்டிலேயே, மாஸ்டர் காலி செய்துவிட்டுப் போன மூன்றாம் அறை.

சொந்தக்காரி என்பதால் அவளுக்கு வேலை செய்ய என்னை விடமாட்டார்கள். வீட்டில் கூடவே இருந்தவள் என்று என் மூக்கிலும் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. மாஸ்க்கோடு மற்ற அறைகளுக்குப் போகலாமாம். எனக்கு வந்து அவளுக்கு வராமல் இருந்திருக்கக் கூடாதா!

நவம்பர் 17, திங்கள்

கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் உள்ளிருந்து போன் செய்தாள். குரல் தகர டப்பாவில் கல் உருட்டுவதுபோல் இருந்தது. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"அக்கா, காலையில வந்த பொண்ணு தலையில பேனா வெச்சிருக்கு."

"தெரியும்."

"அந்தப் பொண்ணுகிட்ட நீ இன்னும் சொல்லலையா?"

"சொல்றேன்டி."

"எப்ப? நான் செத்தப்புறமா?"

"வாயக் கழுவு!"

"நீ முதல்ல வாயத் திற. புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள நீ சொல்லலைன்னா நான் பெல்லடிச்சு வார்டையே கூப்பிட்டுச் சொல்லுவேன். படமும் கையில இருக்கு. பொடி திருடினதுலேர்ந்து ஆரம்பிப்பேன்."

செய்வாள். சின்ன வயதிலிருந்தே கோள் சொல்வதில் கெட்டிக்காரி.

நவம்பர் 18, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற எண்) அவளுக்கு எப்போதும் ஒன்று புள்ளி இரண்டு. இன்று ஒன்று புள்ளி ஒன்பது. மேலே போகக் கூடாத எண் மேலே போகிறது.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டிக் காட்டியே நாலு வருடம் ஓட்டினேன். நானே கெடுத்துவிட்டேனோ? பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

நவம்பர் 19, புதன்

மூன்று மணியிலிருந்து நான் பெல் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சொல்லட்டும், அவளே சொல்லித் தொலைக்கட்டும், எனக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு அடித்தது. பெல் அடிக்கவில்லை. நாலே கால். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண் பாதி மூடி, மூக்கில் ஆக்சிஜன் குழாய். கைபேசி நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அவளால் பெல்லை எட்ட முடியவில்லை. சொன்ன வார்த்தை தவறாதவள்.

அந்த நேரம் பார்த்து, புதுப்பெண்களில் ஒருத்தி அந்த அறையிலிருந்து வந்தாள். தடுப்பறையில் நின்று எல்லாவற்றையும் கழற்றினாள். எவ்வளவு அழகாக! நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. கை கழுவினாள். வெளியே வந்து மாஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி கழுவினாள். ஐந்தாம் அறைக்குப் போகத் திரும்பினாள். அங்கே பிரசவமாகிப் பத்து நாள் ஆன ஒரு தாய் இருக்கிறாள். இந்தப் பெண் நடந்துகொண்டே, கழுவிய கையால், கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள்.

"நில்லு!"

நடையே நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒரு காலை எடுத்து வைத்தபடியே நின்றாள். அவசரம் ஒரு வாசலிலிருந்து தலையை நீட்டினார். ஊதா விளக்கு தன் அறையிலிருந்து வந்தார். நான் கொட்டிவிட்டேன். பொடி, குப்பி, டார்ச், மாஸ்டர், மீசை, பேனா, சின்னவளின் பல். வரிசையாகச் சொன்னேனா, உளறினேனா தெரியாது. அழுதேன் என்று மட்டும் தெரியும். சின்னவள் எனக்கு அனுப்பி வைத்திருந்த படங்களைக் கைபேசியில் காட்டினேன். பத்துப் பச்சை விரல்.

ஊதா விளக்கு கேட்டார்: "குப்பியில மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"பாதி."

"குடுங்க." வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என் பயிற்சியில யாரையும் நான் எழுதச் சொல்லலை. பொம்மைக்கு ஏது சார்ட்? அது எனக்குத் தோணியிருக்கணும். அதுக்காக அலமாரியக் குடைஞ்சதை விட்டுருவேன்னு நினைக்காதீங்க. எழுத்துல விளக்கம் குடுங்க. இன்னிக்கே."

கொடுத்தேன். இரண்டரைப் பக்கம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. பதினொன்றிலிருந்து பத்தொன்பது. எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு.

நவம்பர் 20, வியாழன்

ஒன்று புள்ளி ஒன்பது. ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

புது உத்தரவு. அறைக்கு ஒரு பேனா, அட்டையோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. அறையை விட்டு வெளியே வராது. கொண்டை, காது, பை எங்கேயும் பேனா கிடையாது. இன்னொரு உத்தரவு எனக்கு மட்டும்: ஒரு வாரத்துக்கு நான் கழற்றும்போது இன்னொருவர் பார்க்க வேண்டும். யார் கையைத் தூக்கினார் என்று சொல்லவும் வேண்டுமா?

"மெதுவா சிஸ்டர், மெதுவா," என்றார் அவசரம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து. "என்ன அவசரம்?"

நான் அவருக்கு வைத்த பெயர் அவருக்குத் தெரியுமோ? மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. தெரியும்போலத்தான் இருக்கிறது.

நவம்பர் 22, சனி

ஒன்று புள்ளி ஐந்து! ஒன்று புள்ளி ஐந்து! காய்ச்சல் இல்லை, ஆக்சிஜனையும் எடுத்துவிட்டார்கள். சின்னவள் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிப் போனை எடுக்கச் சொன்னாள்.

"நாலு மணிக்குள்ள சொன்னியா?"

"நாலே காலுக்குச் சொன்னேன்."

"பதினஞ்சு நிமிஷம் லேட்டு," என்று போனை வைத்துவிட்டாள். நான் நடையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அப்புறம் சிரித்தேன். துடைப்பத்தோடு வந்த துப்புரவு அம்மா, "ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க சிஸ்டர், தரைய ஈரமாக்காதீங்க," என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒன்று புள்ளி மூன்று. "இன்னும் கொஞ்சம் இறங்கும். பயப்படாதீங்க," என்றார் சிறுநீரக டாக்டர். பத்து நாளில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறாள். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நான் பிடிக்கப் போனால், "கை கழுவினியா?" என்று கேட்கிறாள். ஆயுசு முழுக்கக் கேட்பாள். கேட்கட்டும்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குப் பயிற்சி. ஊதா விளக்கு என்னையே நடத்தச் சொன்னார். பொம்மைக்கு இப்போது சார்ட் உண்டு. நான் முதலில் சின்னவளின் விரல் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், பொடி திருடியது உட்பட. மீசையை மட்டும் விட்டுவிட்டேன். அவசரத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஒல்லியாக ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சிஸ்டர், உங்க தங்கச்சிக்கு உங்களாலதான் ஃப்ளூ வந்துச்சா?"

பக்கத்திலிருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள். ஊதா விளக்கு ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியாதும்மா," என்றேன்.

நிஜமாகவே தெரியாது. கை எங்கெங்கே போயிற்று என்றுதான் பொடி காட்டும். கிருமி எங்கிருந்து வந்தது என்று காட்டாது. கடைக்குப் போனபோது வந்திருக்கலாம், படிக்கட்டில் தும்முகிற மேல்வீட்டுக்காரரிடமிருந்து வந்திருக்கலாம், என் தலையிலிருந்து வந்திருக்கலாம். சின்னவள், "விடுக்கா, வந்தது போயிடுச்சு," என்கிறாள். அவள் விட்டுவிட்டாள். என்னால் முடியவில்லை. இந்தக் கேள்வியை இனி ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது கேட்பார்கள், நானும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஒல்லிப் பெண்ணையே கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினேன். "நான் கழட்டறேன். நீ பாரு. தப்பு இருந்தாத் தட்டு. பெரியவங்களாச்சேன்னு பாக்காதே." உள்ளே போனேன், பொம்மையைப் புரட்டினேன், சார்ட் எழுதினேன், பேனாவைக் கயிற்றிலேயே விட்டேன். தடுப்பறைக்கு வந்து கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஷீல்டு, கவுன் என்று நிதானமாகக் கழற்றினேன். இதைவிட நிதானமாக யாராலும் முடியாது.

டொக், டொக்.

"என்ன?"

"கவுனைச் சுருட்டும்போது வெளிப்பக்கம் உங்க மணிக்கட்டுல பட்டுடுச்சு சிஸ்டர்."

எனக்குப் பட்ட மாதிரியே தெரியவில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று முறைத்தேன்.

அவள் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாத்தேன் சிஸ்டர். இடது கை."

ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு நிம்மதியாக இருந்தது. குழாயைத் திறந்து, மணிக்கட்டுக்கு மேலே வரை சோப்புப் போட்டு, அவள் போதும் என்று தலையாட்டும் வரை கழுவினேன்.